உடம்பு சொல்வது காதில் விழ, எளிய வாழ்க்கை போதுமா?

மெல்லநடை

மூன்று மாதமாகச் சில பழக்கங்களை மாற்றிப் பார்த்தேன். இரவில் போன் கூடத்திலேயே கிடக்கும், படுக்கையறைக்கு வராது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடை, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். இருட்டிய பிறகு வீட்டில் ஒரே ஒரு மங்கலான விளக்கு. சாப்பிடும்போது எந்தத் திரையும் கிடையாது. அவ்வளவுதான். எதையும் வாங்கவில்லை, எந்த முகாமுக்கும் போகவில்லை.

முதல் வாரம் எரிச்சல்தான் வந்தது. தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடுவது இத்தனை கஷ்டமா என்று ஆகிவிட்டது; இடது கை தானாகவே மேஜையில் போனைத் துழாவும். மூன்றாவது வாரம் ஒருநாள் கணினி முன்னால் இருக்கும்போதுதான் கவனித்தேன், தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியிருந்தன. மூச்சையும் பிடித்து வைத்திருந்தேன். ஒரு மின்னஞ்சலைப் படிக்க! இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏறிவிட்டது. எத்தனை வருடமாக இப்படி உட்கார்ந்திருக்கிறேனோ.

அப்புறம் தூக்கம். இரவு ஒன்பதரை வாக்கில் இமை கனக்கும், உள்ளங்கால் கதகதப்பாகும். அப்போதே படுத்தால் உடனே தூக்கம். விட்டால் பதினொன்று வரை கொட்டக் கொட்ட முழிப்பு. இந்த அழைப்பு தினமும் வந்திருக்க வேண்டும், எனக்குத்தான் கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: உடம்புக்கும் மனசுக்கும் நடுவே நின்றுபோன பேச்சைத் திரும்பத் தொடங்க புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், இருப்பதில் சிலதைக் கழித்தால் போதும். இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தால் உடம்பே வழி சொல்லும்.

ஆதாரம்எங்கே

உங்கள் தூக்கம் சரியானதில் சந்தோஷம். ஆனால் அந்தக் கடைசி வரியை என்னால் விட முடியாது.

பெரியம்மையும் இயற்கைதான். அது ஒழிந்துவிட்டதாக 1980ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஒழித்தது தடுப்பூசி. இயற்கையோடு ஒட்டித்தான் எல்லோரும் வாழ்ந்த காலத்தில், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி வளர்ந்து ஆளாவதற்குள் செத்துப்போயின. அந்தத் தாய்மாரின் உடம்பு வழி சொல்லவில்லையா?

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை, தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களை, ஆராய்ந்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் இருட்டியதும் படுத்துவிடவில்லை. சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்தே தூங்கினார்கள். தூங்கியதும் 5.7 முதல் 7.1 மணி நேரம்தான். நம்மைவிட அதிகம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. ஒரே சமயத்தில் நாலு பழக்கத்தை மாற்றியிருக்கிறீர்கள். எது பலன் தந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த மூன்று மாதத்தில் அலுவலக வேலை கொஞ்சம் குறைந்திருந்தால்கூட இதெல்லாம் நடந்திருக்கும்.

மெல்லநடை

வேலை குறையவில்லை, கூடித்தான் இருந்தது. ஆனால் நாலையும் சேர்த்து மாற்றியது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

அதே 2015 கட்டுரையில் நீங்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மக்களிடம் தூக்கம் வராத குறை மிக அரிது. குறைவாகத் தூங்கினாலும் படுத்தால் தூங்குகிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான், கூடுதல் மணி நேரத்தைக் கேட்கவில்லை.

வெளிச்சத்துக்கு ஆதாரம் வேண்டுமா? கென்னத் ரைட் என்ற ஆராய்ச்சியாளர் எட்டுப் பேரை ஒரு வாரம் ராக்கி மலையில் கூடாரத்தில் தங்க வைத்தார். பகலில் வெயில், இரவில் நெருப்பு வெளிச்சம் மட்டும், டார்ச் கூடக் கிடையாது. 2013ல் முடிவு வெளியானது: இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு தொடங்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது. இதில் மாயம் ஏதுமில்லை. வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் நம் கண்ணில் படுவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். வெளியே மேகமூட்டமான பகலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ். பகல் எது என்று மூளைக்குச் சொல்ல மறந்துவிட்டு, இரவில் தூக்கம் வரவில்லை என்று அழுகிறோம்.

ஆதாரம்எங்கே

எட்டுப் பேர்! இருந்தாலும் வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. உடம்புக் கடிகாரத்தின் மரபணுக்களைப் பழ ஈயில் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். என் பயம் வேறு. இப்படி உறுதியான ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு, அதன் முதுகில் நிரூபிக்காத பத்து விஷயத்தை ஏற்றிவிடுவார்கள்.

மரம் பார்த்தால் காயம் ஆறும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே, அதன் மூலம் என்ன தெரியுமா? ரோஜர் உல்ரிச் 1984ல் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப்பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அழகான ஆய்வுதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் முதலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

இரவுக்காவல்

நான் செவிலியர், மாதத்தில் பாதி இரவுப் பணி. இடையில் வருவதற்கு மன்னிக்கவும்.

மெல்லநடை அக்கா, நீங்கள் சொல்லும் காலை நடையை நானும் செய்து பார்த்தேன். வேறு ஒருவர் இதே மாதிரி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான். பணி முடிந்து ஏழரைக்கு வெளியே வந்து, வெயில் முகத்தில் பட அரை மணி நேரம் நடப்பேன். வீட்டுக்கு வந்து படுத்தால் மூன்று மணி நேரத்தில் முழிப்பு. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் மருந்து அளவை ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்தும் எனக்கே நம்பிக்கை வரவில்லை, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்றோடு நடையை நிறுத்தினேன். இப்போது வெளியே வரும்போதே கறுப்புக் கண்ணாடி, வீட்டில் கனமான திரைச்சீலை, நேராகப் படுக்கை. உங்களுக்கு மருந்தான வெளிச்சம் எனக்கு எதிரி.

இரவுப் பணி உடம்புக்கு நல்லதில்லை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லேயே அதை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' பட்டியலில் சேர்த்தது, 2019லும் அதையே உறுதி செய்தது. ஆனால் யாராவது விழித்திருக்க வேண்டுமே. எளிமையாக வாழுங்கள் என்று நீங்கள் எழுதும்போது, முடிந்தும் செய்யாதவர்கள் போல எங்களை நினைக்கிறீர்களோ என்று வலிக்கிறது.

மெல்லநடை

அப்படி நினைக்கவே மாட்டேன், தங்கச்சி. ஆனால் என் பதிவைத் திரும்பப் படித்தேன், அப்படித்தான் தொனிக்கிறது. என் நேரம் என் கையில் இருக்கிறது என்பதை நான் எழுதவே இல்லை. மன்னித்துக்கொள்.

பழையமரம்

வயது அறுபத்திமூன்று. என் கதை ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் உதவலாம்.

சில வருடத்துக்கு முன் எனக்கு ஓயாத அசதி. உடம்பு கனத்தது, மனசு இருண்டது. இயற்கை வாழ்வியல் முகாம் ஒன்றுக்குப் போனேன், பெயர் வேண்டாம். வெறுங்கால் நடை, மௌனம், சீக்கிரத் தூக்கம், எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் அசதி போகவில்லை. கேட்டபோது, 'உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, பொறுங்கள்' என்றார்கள். ஏழு மாதம் பொறுத்தேன். கடைசியில் மகள் பிடிவாதமாக ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். தைராய்டு சுரப்பு அடிமட்டத்தில் இருந்தது. தினமும் ஒரு சின்ன மாத்திரை. சில வாரத்தில் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

இதில் ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த முகாமில் மற்றவர்கள் வியர்த்து விசிறிக்கொண்டிருப்பார்கள், நான் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பேன். குளிர் தாங்காதது தைராய்டு குறைவின் முக்கிய அடையாளம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதை நான் கவனித்திருந்தேன்! மௌனமாக உட்கார்ந்ததால்தான் கவனித்தேன். உடம்பு சரியாகத்தான் சொன்னது. அதற்கு அர்த்தம் சொன்னவர்கள்தான் தப்பாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஆதாரம்எங்கே

ஐயா, இந்த வித்தியாசத்தைத்தான் நான் இரண்டு பதிவாகச் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

கவனிப்பதற்கு நான் எதிரி இல்லை. நேற்று இரவு இதையெல்லாம் படித்த பிறகு மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வருகிறது, விடும்போது இடைவெளி நீள்கிறது. புத்தகத்தில் படித்தது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு நிதானமாக்கினால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகும் என்றும் தெரியும். தெரிந்தும் என் விரலால் இதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் நாடி எனக்குத் தைராய்டு அளவைச் சொல்லாது. ரத்த அழுத்தத்தைச் சொல்லாது. பல வருடம் எந்தத் தொந்தரவும் காட்டாமல் உள்ளே வளரும் நோய்கள் உண்டு. உடம்பு பேசாத இடத்தில் என்ன செய்வது? அதற்குத்தான் பரிசோதனை.

மெல்லநடை

'உடம்பே வழி சொல்லும்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஏதோ சரியில்லை என்று சொல்லும், என்னவென்று சொல்லாது. சில சமயம் அதையும் சொல்லாது.

கழித்தால் போதும் என்பதை மட்டும் விடமாட்டேன். பழையமரம் ஐயாவுக்குக் குளிர் தெரிந்ததே, அது அவரிடம் போனும் சத்தமும் இல்லாத இடத்தில்தான் தெரிந்தது. வேலைக்கு நடுவில் இருந்திருந்தால் ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். அர்த்தம் சொல்ல மருத்துவர் இருக்கிறார், சரி. அவரிடம் போய்ச் சொல்வதற்கு நமக்கு முதலில் தெரிய வேண்டும் இல்லையா? 'எத்தனை நாளாக இப்படி?' என்று அவர் கேட்டால் பாதிப்பேர் முழிக்கிறோம்.

பழையமரம்

முழித்தவன் நான், அம்மா. 'எப்போதிலிருந்து குளிர்கிறது?' என்று மருத்துவர் கேட்டார். முகாமுக்கு முந்தி ஒருநாளும் நான் அதைக் கவனித்ததே இல்லை. பதில் சொன்னது மகள். இரண்டு வருடமாக வீட்டில் மின்விசிறியைப் போட்டால் நான் அணைத்துவிடுகிறேனாம்.

இரவுக்காவல்

அக்கா எழுதிய தோள் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே உட்கார நேரம் கிடையாது. நடை உண்டு, ஆனால் அது ஓட்டம். மௌனம் சாத்தியமே இல்லை, ஏதாவது ஒரு இயந்திரம் கூவிக்கொண்டே இருக்கும். எதைக் கழிப்பது?

ஒன்றே ஒன்று கிடைத்தது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் நாங்கள் 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும், அது விதி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று வரிசை உண்டு. இத்தனை வருடம் அந்த நேரத்தில் அடுத்த மூன்று வேலைகளை மனசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் ஓட்டாமல் தண்ணீரை மட்டும் பார்த்தேன். முதல் தடவையே தோள் ஏறியிருந்தது தெரிந்தது. இரண்டாவது நாள், ஐந்து மணி நேரமாகத் தண்ணீரே குடிக்கவில்லை என்பது தெரிந்தது.

இதை இயற்கை வாழ்க்கை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஆதாரம்எங்கே அண்ணாவின் கட்சிதான். ஆனால் குடித்தேன், இரண்டு டம்ளர். மணி நாலு இருபது. மூன்றாம் படுக்கையில் மணி அடிக்கிறது, போகிறேன்.