52 கிலோ தங்கைக்கு எதற்கு மவுஞ்சாரோ?

வணக்கம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். உயரம் 160 செ.மீ., எடை 52 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) 20தான். ஆனாலும் முகூர்த்தப் புடவையில் இடுப்புச் சதை தெரியக் கூடாதாம், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மவுஞ்சாரோ ஊசியை வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறாள். தோழி வாங்கித் தந்தது, டாக்டர் சீட்டு கிடையாது. எடைக் குறைப்புக்கென்றால் பிஎம்ஐ 30, அல்லது சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏதாவது இருந்தால் 27 தாண்டியவர்களுக்குத்தான் அதைத் தருகிறார்கள்.

மூன்று வாரமாக ரசம் சாதம்கூட இறங்கவில்லை, ஒரே வாந்தி. கொழுப்போடு தசையும் கரையும் என்றேன். "போண்ணா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாள். அம்மாவோ பெண்ணுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று பூரிக்கிறார்!

இப்படித் தொடங்கி நிறுத்தியவர்கள் இருந்தால் அவளிடம் பேச முடியுமா? மதுரைப் பக்கம் திட்டாமல் எடுத்துச் சொல்லும் ஹார்மோன் டாக்டர் யாராவது தெரியுமா? அப்புறம், குழந்தைக்குத் திட்டமிட்டால் எத்தனை வாரம் முன்பே ஊசியை நிறுத்தச் சொன்னார்கள்?