புத்தகத்துக்கு அனுமதி, வட்டுக்குத் தடை: குறியாக்க ஏற்றுமதிச் சட்டத்தோடு உங்கள் அனுபவம்

நெய்தல்:
1996இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் குறியாக்கம் பற்றிய வகுப்பு முடிந்ததும் அமெரிக்க மாணவர்கள் ஆளுக்கொரு பிளாப்பி வட்டை எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது பேராசிரியர் பெட்டியை மூடிவிட்டு, பாடநூலை என் கையில் கொடுத்தார். இரண்டிலும் இருந்தது ஒரே மூலநிரல், அதாவது நிரலர் எழுதும் வடிவிலான மென்பொருள். ஆனால் குறியாக்க மென்பொருளை ஆயுதமாகக் கருதிய அன்றைய அமெரிக்க விதிப்படி, வெளிநாட்டவனான எனக்கு வட்டைக் கொடுத்தால், அமெரிக்க மண்ணிலேயே கொடுத்தாலும், அது ஆயுத ஏற்றுமதி. அமெரிக்கப் பொறியாளர் பில் கார்ன் வழக்குத் தொடுத்ததும் இந்த முரணை எதிர்த்துத்தான்: புத்தகத்துக்குத் தடையில்லை என்ற வெளியுறவுத் துறை, அதே நிரல் அடங்கிய வட்டை ஆயுதப் பட்டியலில் வைத்தது. இரண்டு இரவுகள் பாடநூலைப் பார்த்து அதிலிருந்த எண் அட்டவணைகளைத் தட்டச்சு செய்தேன். ஓரிடத்தில் 8ஐ ‘பி’ என்று படித்துவிட்டதால் மறைத்த செய்தி திரும்ப வரவேயில்லை. விடியும் வரை அந்த ஓர் எழுத்தைத் தேடினேன். மூலநிரலும் பேச்சுரிமை காக்கும் பேச்சே என்று, தன் குறியாக்க நிரலை வெளியிடும் உரிமை கேட்ட கணிதவியலாளர் பெர்ன்ஸ்டைனின் வழக்கில் நீதிபதி பட்டேல் அந்த ஏப்ரலில் அளித்த தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

வடபழனி வாசகர்:
நெய்தல் அவர்களே, அந்தத் தீர்ப்போடு எல்லாம் முடிந்ததுபோல் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே கட்டுப்பாடு வெளியுறவுத் துறையிலிருந்து வணிகத் துறைக்கு மாற்றப்பட்டதால், பெர்ன்ஸ்டைன் புதிய விதிகளை எதிர்த்து மீண்டும் வாதாட நேர்ந்தது. 1999 மே மாதம் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று அவர் பக்கம் நின்றது. ஆனால் மறுவிசாரணைக்காக அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. 2000 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தியது அரசுதான். மேற்கோள் காட்ட வேண்டுமானால், ஒஹாயோ பேராசிரியர் பீட்டர் யங்கர் வழக்கில் ஆறாம் வட்டார நீதிமன்றம் 2000 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பைக் காட்டுங்கள். மூலநிரலுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்ற அதன் முடிவு நிலைத்தது. என் அனுபவம் சிறியது: 1998இல் சென்னையில் பிரௌசர் இறக்கும்போது, அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறீர்களா என்று திரை கேட்டது. ‘இல்லை’ என்றேன், வெளிநாட்டவருக்கென்று சாவி நீளம் குறைத்து நலிவாக்கிய 40 பிட் பதிப்பு வந்தது.

கதவுக்காரன்:
அந்த நலிந்த குறியாக்கத்தை 2015இல் நான் பராமரித்த சர்வரிலேயே கண்டேன். அந்தப் பழைய குறியாக்கத்தைப் பயன்படுத்தி இணைப்பை உடைக்கும் ‘ஃப்ரீக்’ தாக்குதல் வெளிவந்த வாரம் அது. பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் இன்றே அமைப்புகளைத் திறந்து, ஏற்றுமதித் தரக் குறியாக்கங்கள் அனைத்தையும் நீக்குங்கள். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் குட்டையான 512 பிட் சாவியை ஏற்கும் சர்வரோடு பேசும்போது, இடையில் நிற்பவர் இணைப்பை அந்த அளவுக்குத் தாழ்த்திச் சாவியை உடைத்துவிட முடியும். சர்வரின் குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. சர்வரை மறுதொடக்கம் செய்து, வெளியிலிருந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.