பொலோஞாவிலிருந்து வீரமாமுனிவர் ஊர் வரை: தோள் பையோடு 12 நாள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். விமானச் செலவு, விசா தவிர, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 யூரோ. அப்போதைய மதிப்பில் சுமார் 9,000 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள். ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ் மூன்றையும் விட்டுவிட்டோம். அங்கே அறை வாடகையே நாள் கணக்கில் பாதிக்கு மேல் போய்விடும். வட இத்தாலியில் பொலோஞா, ராவென்னா, ஃபெர்ராரா, மாந்தோவா, கடைசியாக ஒரு சின்ன ஊர். போனது அக்டோபர் தொடக்கத்தில். நமக்குப் புரட்டாசி என்பதால் இருவருமே சைவம். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

இந்த ஊர்களுக்கு இடையே ‘ரெஜியோனாலே’ என்ற சாதாரண ரயில் போகிறது. முன்கூட்டி வாங்கினாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒரே கட்டணம், அதனால் அவசரமே இல்லை. ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். இது தெரிந்திருந்தும் முதல் நாளே மறந்துவிட்டோம். ரயில் கிளம்பிய பிறகு எதிரே இருந்த பாட்டி ஒருவர் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு ஏதோ வேகமாகச் சொன்னார். புரியவில்லை. எழுந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக நடந்து, டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் பிடித்து, எங்களுக்காகப் பேசினார். பரிசோதகர் தேதியும் நேரமும் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் நம்மிடம் வருவதற்கு முன் நாமே அவரைத் தேடிப் போக வேண்டும், அதுதான் விஷயம் என்று பிறகு புரிந்தது. பாட்டி திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பின்னலைத் தொடர்ந்தார்.

பொலோஞாவில் மூன்று நாள். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் உள்ள ஊர், எங்கு பார்த்தாலும் மாணவர்கள். இந்த ஊரின் அழகு அதன் தூண் தாழ்வாரங்கள். நம் பழைய வீடுகளின் திண்ணையை நீட்டி, மேலே மாடி கட்டி, தெரு முழுக்க இணைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. ஊர் மொத்தத்துக்கும் 62 கிலோமீட்டர் என்கிறார்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மழையில் குடை இல்லாமல் ஊரையே சுற்றலாம். அவற்றில் ஒன்று 666 வளைவுகளோடு, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரம், மலை மேலிருக்கும் சான் லூக்கா மாதா கோயில் வரை போகிறது. கட்டணம் எதுவும் இல்லை, கால் வலிமைதான் வேண்டும்.

அங்கே பாதி வழியில் எங்களுக்குள் சண்டை வந்தது. பையை அறையில் வைத்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன். அறையைக் காலி செய்யும் நேரமாகிவிட்டது, சுமந்துகொண்டே போகலாம் என்றார் அவர். பை பாதுகாக்கும் கடைக்கு இருவருக்கும் 12 யூரோ கொடுக்க மனம் வரவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது எல்லாமே தப்பாகத் தெரியும். ஒரு வளைவின் கீழ் நான் உட்கார்ந்துவிட்டேன், அவர் நாலு வளைவு தள்ளிப் போய் நின்றார். அப்போது கைத்தடியோடு ஏறி வந்த ஒரு பெரியவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். தினமும் ஏறுவாராம். இந்தத் தாழ்வாரம் ஏன் என்று கதை சொன்னார். 1433இல் விடாத மழை, பயிரெல்லாம் அழுகும் நிலை. மலை மேலிருந்த மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டு வந்தார்களாம், மழை நின்றதாம். அன்று முதல் ஆண்டுதோறும் மாதா இறங்கி வருகிறாள், அவள் நனையக்கூடாது என்று பின்னாளில் கட்டியதுதான் இது என்றார். எங்கள் பக்கம் மழை வேண்டித்தான் சாமியைத் தூக்குவோம் என்றேன். அதை அவர் மிகவும் ரசித்தார், தொலைவில் நின்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். மீதி வழியை மூவருமாக ஏறினோம்.

அன்று மாலை இன்னொன்று. பெரிய சதுக்கத்தில் பொதெஸ்தா அரண்மனைக்குக் கீழே நான்கு வழி சந்திக்கும் வளைவு மண்டபம் இருக்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால், குறுக்கே எதிர் மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் போகிறவர்களுக்கு ஒன்றுமே கேட்காது. ஒலி வளைந்த கூரையின் வழியாக ஏறி இறங்குகிறது. நான் சுவரில் காதை வைத்தேன். “இன்னும் கோவமா?” என்று கேட்டது. பின்னால் திரும்பினால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசுகிறார், நடுவில் ஐம்பது பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயணத்திலேயே மறக்க முடியாத நிமிடம் அது. ஜோடியாகப் போகிறவர்கள் இந்த மூலையைத் தவறவிடாதீர்கள்.

பொலோஞாவில் இரவுச் சாப்பாட்டுக்கு ஓஸ்தெரியா தெல் சோலே. 1465 முதல் இருக்கும் கடை, குடிக்க மட்டும்தான் கொடுப்பார்கள். சாப்பாடு நாமே கொண்டுபோகலாம். பக்கத்துச் சந்தையில் ரொட்டி, சீஸ், தக்காளி, அத்திப்பழம் வாங்கி அந்த நீள மேசையில் பிரித்து வைத்தோம். மற்ற உணவகங்களில் ‘கோபெர்தோ’ என்று உட்காருவதற்கே ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை பில்லில் சேரும். காப்பியும் அப்படித்தான்: கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நின்று குடித்தால் ஒன்றேகால் யூரோவில் முடிந்துவிடும், பக்கத்தில் நிற்பவரும் பேச்சுக் கொடுப்பார்.

ராவென்னா. கி.பி. 402இல் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான ஊர், இப்போது மதிய நேரத்தில் தெருவே தூங்குகிறது. சான் வித்தாலே கோயிலின் கண்ணாடிக் கல் ஓவியங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் நான் விடுகிறேன். 547இல் புனிதப்படுத்திய கோயில், இன்னும் பொன் மின்னுகிறது. காசு விஷயம் ஒன்று மட்டும்: மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம், தெயொதோரிக் மன்னனின் கல்லறை மண்டபம் அதில் சேரும். சான் வித்தாலே மறைமாவட்டத்துடையது, அதற்குச் சீட்டு வாங்கத்தான் வேண்டும். நாங்கள் இது தெரியாமல் ஞாயிற்றுக்காகக் காத்திருந்தோம்.

ராவென்னாவில் எனக்கு முக்கியம் தாந்தே. 1321இல் இங்கேதான் இறந்தார், ஃபுளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட கவிஞராக. சமாதி ஒரு சின்ன மண்டபம், கட்டணம் இல்லை. மாலையில் போனபோது இருபது பேர் கூடி நின்றார்கள். சாதாரண மேல்சட்டை போட்ட ஒரு பெண், கையில் புத்தகத்தோடு முன்னால் வந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எதுகை போல ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்து காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: தினமும் மாலை ஒரு பகுதி. தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தின் 100 பகுதிகளும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து வாசிக்கலாம். முற்றோதல்! எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருவாசகம் முற்றோதலுக்கு உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அதற்கு மேல் எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெரியவர் விடவில்லை. ஃபுளோரன்ஸ்காரர்கள் எலும்புகளைக் கேட்டு, 1519இல் போப்பின் அனுமதியோடு வந்து திறந்தால் சமாதி காலி. இங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் ஒளித்துவிட்டார்கள். 1865இல் சுவர் வேலையின்போதுதான் பெட்டி கிடைத்தது. இப்போது உள்ளே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் ஃபுளோரன்ஸ் எண்ணெய் கொண்டுவந்து தருகிறது. “விரட்டிய ஊர்தானே, எண்ணெயாவது தரட்டும்” என்று கைப்பேசித் திரையில் காட்டினார். 700 ஆண்டு ஆகிவிட்டது, அவருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

ஃபெர்ராரா சைக்கிள்களின் ஊர். வாடகைக்கு எடுத்து ஒன்பது கிலோமீட்டர் கோட்டைச் சுவரைச் சுற்றினோம், மேலே மரங்கள், கீழே புல்வெளி. இங்கே ‘கோப்பியா’ என்று ஒரு ரொட்டி உண்டு. கோப்பியா என்றால் ஜோடி. முறுக்கிய இரண்டு துண்டுகளை நடுவில் இணைத்திருப்பார்கள், நான்கு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பெயருக்காகவே வாங்க வேண்டும் என்று ஆசை. பேக்கரி அம்மாவிடம் கையால் காட்டிவிட்டு, வழக்கம் போல “வெஜிட்டேரியானோ?” என்றேன். எடுத்த ரொட்டியை அப்படியே திரும்ப வைத்துவிட்டார். “ஸ்த்ருத்தோ” என்றார். அகராதியில் பார்த்தால் பன்றிக் கொழுப்பு. அவர் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அவருக்கும் ஒரு விற்பனை போயிருக்காது. கடையில் கூட்டம் இருந்தும் ஒவ்வொரு ரொட்டியாகத் தொட்டு, இது கூடும், இது கூடாது என்று காட்டினார். ஆலிவ் எண்ணெய் ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டோம். ராவென்னா பக்கத்துத் தட்டை ரொட்டியான ‘பியதீனா’விலும் பல கடைகளில் இதே கொழுப்புதான். எண்ணெயில் செய்தது தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

சைவர்களுக்கு இந்தப் பகுதியில் கைகொடுப்பது பரங்கிக்காய். ஃபெர்ராராவில் ‘கப்பெல்லாச்சி’, மாந்தோவாவில் ‘தொர்தெல்லி’, இரண்டுமே மாவுக்குள் பரங்கிக்காய் வைத்த கொழுக்கட்டை மாதிரி. ஃபெர்ராராவில் இறைச்சிக் குழம்பை ஊற்றிவிடுவார்கள், அதனால் “புர்ரோ எ சால்வியா” என்று சொல்லுங்கள், வெண்ணெயும் ஒரு மூலிகை இலையும் போட்டுத் தருவார்கள். நாம் பரங்கியர் கொண்டுவந்த காய் என்று பெயர் வைத்தோம், அந்தப் பரங்கியருக்கோ அது அமெரிக்காவிலிருந்து வந்தது.

மாந்தோவாவில் மூன்று பக்கம் ஏரி. அரண்மனையில் ஓவியர் மாந்தேன்யா 1474இல் வரைந்து முடித்த தம்பதியர் அறை, மேற்கூரையில் வரைந்த வானத்திலிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கும். நன்றாக இருந்தது. ஆனால் என் மனம் அப்போதே அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

காஸ்தில்யோனே டெல்லே ஸ்திவியேரே. 1680 நவம்பர் 8 அன்று வீரமாமுனிவர் பிறந்த ஊர். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். திருச்சியிலிருந்து, அவர் மாதா கோயில் கட்டிய ஏலாக்குறிச்சிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் கிளம்பிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான், உண்மையில், இந்த வழித்தடத்தையே நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். மாந்தோவாவிலிருந்து பேருந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சீட்டை ‘T’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பேருந்து மிகக் குறைவு.

அமைதியான ஊர். உலகம் இதை இரண்டு காரணங்களுக்காக அறியும். ஒன்று இங்கே பிறந்த புனித அலோசியஸ் கொன்சாகா. இன்னொன்று செஞ்சிலுவை. 1859 ஜூன் 24 சொல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை வண்டி வண்டியாக இங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள், எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல், “எல்லோரும் சகோதரர்கள்” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். அதை உடனிருந்து பார்த்த சுவிஸ் வணிகர் ஆன்ரி துயூனானின் மனதில்தான் செஞ்சிலுவை முளைத்தது. அருங்காட்சியகத்தில் பழைய மருத்துவ வண்டிகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காயம்பட்டவர்கள் கிடந்த பெரிய கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஒரு காப்பிக் கடை, வழக்கம்போல நின்றபடி. பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு தம்பதி. இந்தியர்கள் இங்கே எதற்கு என்று கேட்டார்கள். “பெஸ்கி” என்று வீரமாமுனிவரின் இத்தாலியப் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. “இயேசு சபை. உங்கள் ஊர். எங்கள் கவிஞர்.” அந்த அம்மா கணவரைப் பார்த்தார், கணவர் கடைக்காரரைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. சரி என்று காகிதக் கைத்துடைப்பை எடுத்தேன். அந்த அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். அதில் ஓர் ஏகாரம் வந்தது. அந்த இரட்டைச் சுழிக் கொம்பை வட்டமிட்டேன். முன்பு குறிலுக்குப் புள்ளி வைப்பார்கள், ஓலையில் புள்ளி பெரும்பாலும் விட்டுப்போகும், எது குறில் எது நெடில் என்று குழப்பம் வரும், இந்த ஊர்க்காரர்தான் நெடிலுக்கு இப்படித் தனி வடிவம் கொடுத்தார், இன்று தமிழ் எழுதுகிற ஒவ்வொருவரும் தினமும் எழுதுகிறோம் என்று என் வீட்டுக்காரர் கைப்பேசியில் சொல்லிச் சொல்லி மொழிபெயர்த்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சுழியை விரலால் தடவினார். “இது எங்களுடையதா?” என்றார். ஆமாம் என்றேன். சென்னைக் கடற்கரையில் நிற்கும் சிலையின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்துவிட்டார்.

காப்பிக்குக் காசு வாங்கவில்லை. மதிய இடைவேளையில் புகையிலைக் கடை மூடியிருந்ததால் எங்களிடம் திரும்பும் சீட்டும் இல்லை. பெரியவர் தன் பர்ஸிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார். நிறுத்தம் வரை இருவருமே கூட வந்தார்கள். வழியெல்லாம் அந்த அம்மா “வீரமாமுனிவர்” என்று சொல்லிப் பழகினார், ‘ழ’ இல்லாத பெயராகப் போனது நல்லது.

பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது, தேம்பாவணி ஒரு பிரதியைக் கொண்டுவந்து இந்த ஊர் நூலகத்தில் வைத்திருக்கலாமே என்று. பையின் எடை பற்றி அவ்வளவு கவலைப்பட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. 3,615 பாட்டு, ஒரு கிலோ இருக்குமா? உங்களில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நல்ல பதிப்பாகப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் இத்தாலிய மொழியில் நாலு வரி எழுதித் தர ஆள் மட்டும் வேண்டும்.