புதுப்பிப்பு: மலை ஊரிலேயே தங்கிவிட்டேன்

படிப்பு முடிந்ததும் இந்த மலை ஊரிலேயே இருப்பதா, சமவெளிக்கு இறங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். தங்கிவிட்டேன்.

ஆண்டு முழுவதும் வேலை இருக்காது என்று நீங்கள் எச்சரித்தது உண்மைதான். சுற்றுலாப் பருவத்தில் மூச்சுவிட நேரமில்லை. அது முடிந்ததும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வீடு கிடைப்பது அதைவிடக் கடினம். விடுமுறைக்கு வருபவர்களுக்கு விட்டால் வருமானம் அதிகம் என்பதால், ஆண்டு முழுவதும் குடியிருக்கக் கேட்கும் இளைஞர்களுக்கு வாடகைக்குத் தர உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். விடுதிகளிலும் கடைகளிலும் உழைப்பவர்களுக்கே ஊரில் இடமில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

குளிர் பழகிவிட்டது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். 2,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் எதுவும் வேகத் தாமதமாகும். தனியாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் முதலில் பிரஷர் குக்கர் வாங்குங்கள்.

கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் இறங்கிவிட்டார்கள். அந்தத் தனிமை இன்னும் வலிக்கிறது. ஆனால் மண்சரிவில் சாலை அடைபட்டு மின்சாரமும் போன இரவில், எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, "தம்பி, விறகு இருக்கிறதா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு கட்டு விறகை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர்கூட அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த பருவம் வரை நிச்சயம் இங்கேதான் இருப்பேன்.