டிரைகால்ஸ்கி ஃபியோர்டில் சிறு பாய்மரப் படகை நங்கூரமிடுதல்

கேள்வி:
தெற்கு அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள டிரைகால்ஸ்கி ஃபியோர்டுக்கு 12 மீட்டர் நீளப் பாய்மரப் படகில் செல்லவிருக்கிறோம். பனியாறு குடைந்து கடல்நீர் புகுந்த அந்தப் பள்ளத்தில் கரையருகிலேயே ஆழம் மிகுதி என்பதால், இரவில் எங்கே, எவ்வாறு நங்கூரம் பாய்ச்சுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
ஃபியோர்டின் நடுவே தங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதிலிருந்து பிரியும் லார்சன் துறைமுகம் என்ற குறுகிய கிளையே சிறு படகுகளுக்கு ஏற்றது. அங்கும், மேலேயுள்ள பனிப்பரப்பில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கித் திடீரெனச் சுழன்றடிக்கும். ஆகவே ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் சங்கிலி விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி நங்கூரம் ஊன்றியதை உறுதிசெய்த பின், டிங்கி எனும் சிறு துணைப்படகில் சென்று கரைப் பாறைகளில் கயிறு கட்டுங்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் கட்டுவதுபோல் மரம் தேட வேண்டாம். அத்தீவில் மரமே கிடையாது. பாறை விளிம்பில் உரசுமிடத்தில் கயிற்றுக்குப் பழைய தீயணைப்புக் குழாயை உறையாக இடலாம்.

பதில் 2:
கெல்ப் எனும் பெரும் கடற்பாசியை மறக்க வேண்டாம். நங்கூரத்தின் அலகு மண்ணைத் தொடாமல் அதன் கற்றையில் சிக்கினாலும், இழுத்துப் பார்க்கையில் நன்றாகப் பிடித்ததாகவே தோன்றும். காற்று வலுத்ததும் கற்றையோடு பெயர்ந்துவிடும். நங்கூரத்தைத் தூக்கும்போது அதில் சிக்கிய கெல்ப்பை அறுத்தெறிய நீண்ட கைப்பிடியுள்ள அரிவாள் தேவைப்படும்.

பதில் 3:
தீவின் அரசிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். லார்சன் துறைமுகம் வெடெல் சீல்கள் (ஒருவகைக் கடல்நாய்கள்) குட்டி ஈனும் இடம் என்பதால், கயிறு கட்டக் கரையேறுபவர் அவற்றிடமிருந்து விலகி நடக்க வேண்டும். வெளித் தாவரங்கள் தீவில் பரவாதிருக்க, காலணியில் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது.