டாஷ்கேம் வாங்கலாமா, வெட்டிச் செலவா?

மலர்_மதுரை கேட்டது:

வணக்கம். மதுரையிலிருந்து விருதுநகருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இதுவரை கல்லூரிப் பேருந்து, இப்போது புது கார் எடுத்து நானே ஓட்டுகிறேன். கப்பலூர் டோல்கேட் தாண்டியதும் நால்வழிச்சாலையில் நடக்கும் கூத்து இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ராங் சைடில் பைக் வரும், மீடியன் இடைவெளியில் டிராக்டர் மூக்கை நீட்டும், ஆடு மாடு தனிக்கதை.

ஓட்டும்போது முன்னால் நடப்பதை வீடியோ எடுக்கும் டாஷ்கேம் போடு என்று தம்பி நச்சரிக்கிறான். வீட்டுக்காரரோ, "போலீஸும் பார்க்க மாட்டாங்க, இன்சூரன்ஸும் பார்க்க மாட்டாங்க, நம்ம வெயில்ல ரெண்டு மாசத்துல செத்துடும். அந்தக் காசுக்கு நல்ல சீட் கவர் போடலாம்" என்கிறார். கிளெய்முக்கு உண்மையிலேயே உதவுமா? வெயிலைத் தாங்குமா? ஒயர் இழுத்தால் வாரண்டி போய்விடுமா? விளம்பரத்தில் வருவது எனக்கே தெரியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராஜபாளையம்_ரைடர்:

யோசிக்காம வாங்குங்க அக்கா. நான் முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரா போட்டிருக்கேன், முன்னாடி 4கே. மேகமலை ஏறும்போது எடுத்த வீடியோவே காசுக்கு ஈடு. வாங்கினா 4கே தான் வாங்கணும், நம்பர் பிளேட் எல்லாம் பளிச்னு தெரியும்.

சர்வேயர்_ஐயா:

மேடம், நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்து, ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் பேனா வைப்பதுதான் பிழைப்பு. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி.

சொந்த வண்டியின் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் போடும்போது தப்பு யார் பக்கம் என்பது பெரிய விஷயமே இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் நீங்களே போய்ச் சுவரில் இடித்தாலும் பணம் உண்டு. லைசென்ஸ் சரியாக இருக்கிறதா, குடித்திருந்தாரா, சொல்லும் காரணமும் அடிபட்ட இடமும் ஒத்துப்போகிறதா, இவைதான் எங்கள் கவலை. எதிராளிதான் இடித்தார் என்று வீடியோவில் அப்பட்டமாகத் தெரிந்தாலும், உங்கள் பாலிசியில் கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, போனதுதான். அதைக் காப்பாற்றத் தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால் வேறு கதை. கேமரா மாட்டியதற்காகப் பிரீமியத்தைக் குறைத்த பாலிசி எதுவும் என் கைக்கு வந்ததில்லை. எனவே இன்சூரன்ஸை நினைத்து வாங்குவதாக இருந்தால் சீட் கவரே போடுங்கள்.

கேமரா வேண்டியது ஆள் அடிபடும்போது. நம் ரோட்டில் பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு என்பது எழுதாத சட்டம். ராங் சைடில் வந்தவர் உங்கள் பம்பரில் விழுந்தாலும் நீங்கள் கதவைத் திறந்து இறங்குவதற்குள் கூட்டம் தீர்ப்பு சொல்லியிருக்கும். நஷ்ட ஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சரி. ஆனால் எஃப்ஐஆர் ஓட்டியவர் பேரில்தானே விழும்? தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281-வது பிரிவு, காயம் என்றால் 125, உயிர் போனால் 106. அந்தக் கேஸுக்கு உங்களுக்குப் பதிலாக யாரும் கோர்ட் ஏற மாட்டார்கள். அங்கேதான் இந்தச் சின்னப் பெட்டிக்கு மதிப்பு.

ஆனால் மாட்டிவிட்டு மறந்துபோனால் அதுவும் கைவிட்டுவிடும். நான் பார்த்த ஒரு கேஸ். திருமங்கலத்துக்குத் தெற்கே சர்வீஸ் ரோடு மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில், ராங் சைடில் வந்த மொபெட் ஒரு காரில் மோதியது. பால் கேன் உருண்டு ரோடெல்லாம் வெள்ளை. வீடியோவில் எல்லாமே இருந்தது, காரின் இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பதுகூடக் கேட்டது. கீழ் மூலையில் தேதி மட்டும் 2018 ஜனவரி 1, நேரம் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம். படத்தில் வெயில் பல்லிளிக்கிறது! கேமராவுக்குள் இருந்த பேட்டரி சூட்டில் உப்பிப்போய், வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஓட்டியவர் அந்த மூலையைப் பார்த்ததே இல்லை. நல்லவேளை, அதற்கு முந்தைய கிளிப் ஒன்றில் டோல்கேட் தாண்டுவது இருந்தது. அந்த ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் நேரத்தை வைத்துத்தான் கணக்கைப் பொருத்தினார்கள்.

உங்கள் வெயில் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பூட்டி நிறுத்திய வண்டிக்குள் சித்திரை மாத மதியத்தில் 60 டிகிரிக்கு மேல் போகும். லித்தியம் பேட்டரி உள்ள மாடல் அதில் உப்பும். பேட்டரிக்குப் பதிலாகச் சூடு தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் என்று போட்டிருக்கும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். ஜிபிஎஸ் இருந்தால் நேரத்தை அதுவே சரிசெய்துகொள்ளும்.

4கே பற்றி ராஜபாளையம் தம்பி சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பகலில் பளிச் என்று இருக்கும், உண்மை. ராத்திரியில் எதிர் லைட் அடிக்கும்போது, வேகமாகப் போகும் வண்டியின் பிளேட் 4கேயிலும் வெள்ளைக் கோடுதான். அதைவிட ஒரு படி குறைந்த தெளிவான 1440பி போதும், சென்சார் நல்லதாக இருக்கட்டும். மிச்சமாகும் காசை மெமரி கார்டில் போடுங்கள். ஹை எண்ட்யூரன்ஸ், அதாவது திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். செல்போனில் கிடந்த பழைய கார்டைச் செருகுபவர்கள்தான் அதிகம். அது எழுதி எழுதித் தேய்ந்து, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோகும். மேலே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அப்புறம் ஜி-சென்சார். மோதல் நடந்தால் அந்தக் கிளிப்பை அழியாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. அதை ஹையில் வைத்தால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் அதற்கு ஆக்சிடெண்ட். கார்டு முழுக்கப் பூட்டிய கிளிப்பாகச் சேர்ந்து புதிதாகப் பதிய இடம் இருக்காது. லோவில் வையுங்கள்.

டாஷ்போர்டில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் பிள்ளையார் வைத்திருக்கிறீர்களா? புது வண்டி, கட்டாயம் வைத்திருப்பீர்கள். பிள்ளையார் இருக்கட்டும், துண்டை எடுத்துவிடுங்கள். அது கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதி வீடியோவைத் திரை போட்டு மறைத்துவிடும். இதை எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மாளாது.

வாரண்டி: 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கம்பெனி ஒயரை வெட்டி ஜாயின்ட் போட்டால், நாளைக்கு எலக்ட்ரிக்கல் கோளாறு வரும்போது சர்வீஸ் சென்டர் உங்களைத்தான் கைகாட்டும். ஒயரை ஓரப் பில்லருக்குள் இழுக்கும்போது, அதில் கர்ட்டன் ஏர்பேக் (மோதும்போது பக்கவாட்டில் திரைபோல விரியும் காற்றுப் பை) இருந்தால் அதற்குப் பின்னாலேயே போக வேண்டும். குறுக்கே போகக் கூடாது. மாட்டும் பையனிடம் இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

வக்கீல்_நெல்லை:

சர்வேயர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு முதலில் 108. அப்புறம் கேமராவை அணைத்துக் கார்டைக் கையில் எடுங்கள். லூப் பதிவு என்பதால் பழையதன்மேல் புதிது எழுதிக்கொண்டே போகும். 32 ஜிபி கார்டில் 4கேயும் பின் கேமராவும் ஓடினால் ஒன்றரை மணி நேரம் தாங்குவதே பெரிது. ஏசி போட்டுக்கொண்டு போலீஸ் வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிளிப் பூட்டியிருக்கும் என்று ஜி-சென்சாரை நம்பி இருக்காதீர்கள்.

கோர்ட்டில் வீடியோவைச் சும்மா கொடுத்தால் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புது சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுச் சாட்சியத்துக்குப் பழைய சட்டத்தில் இருந்த 65பி-க்குப் பதிலாக அதில் 63-வது பிரிவு. நகல் கொடுத்தால் 63(4)-ன்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும், ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, துளி மாறினாலும் மாறிவிடும் எண்) எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஹேஷ் மாறிவிடும். சொந்தக்காரர்களுக்கு எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஒரிஜினல் கார்டு மட்டும் கவரில் பத்திரமாக இருக்கட்டும்.

இன்னொன்று, கேமரா உங்கள் கட்சிக்காரர் இல்லை. திரையில் வேகம் காட்டும் வசதி இருந்தால் நீங்கள் நூற்றுப் பத்தில் போனதையும் அதுவே சொல்லும். அப்போது பயந்துபோய் அழித்தால் சாட்சியத்தை அழித்த குற்றம் தனியாக வந்து சேரும்.

மலர்_மதுரை:

எல்லாருக்கும் நன்றி. துண்டு விஷயத்தில் சர்வேயர் சார் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது, மஞ்சள் பார்டர் போட்ட துண்டு! வீட்டுக்காரரிடம் வக்கீல் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்படின்னா நாம வண்டில பேசுறதும் பதிவாகுமா?" என்றுதான் முதலில் கேட்டார். நிறுத்திய வண்டியிலும் கேமரா ஓடும் பார்க்கிங் மோட் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எனக்குத் தேவையா? பகல் முழுக்க வண்டி கல்லூரி வளாகத்தில் மரத்தடியில் நிற்கும், இரவு வீட்டு போர்ட்டிகோ.

சர்வேயர்_ஐயா:

மைக்கை மெனுவில் அணைத்துவிடலாம் மேடம், சாருக்கு நிம்மதி. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். மைக்கை அணைத்தால் நீங்கள் அடித்த ஹாரனும் பதிவாகாது. ஹாரன் அடிக்கவே இல்லை என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது. நான் என் வண்டியில் ஆன் செய்து வைத்திருக்கிறேன், வீட்டு விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

பார்க்கிங் மோட் உங்களுக்கு வேண்டாம். அதற்கு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஒயர் எடுக்க வேண்டும். 250 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார் பேட்டரி மொத்தமே 35 இருக்கும். மூன்று நாள் வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போனால் பாதி காலி. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தானாகத் துண்டிக்கும் கிட் இருக்கிறது, அது ராத்திரியெல்லாம் தெருவில் வண்டி நிற்பவர்களுக்கு. மரத்தடியில் குயில் எச்சம் போடுவதைப் படம் பிடித்து யாரிடம் கிளெய்ம் கேட்பது? முன் கேமரா ஒன்று, 64 ஜிபி கார்டு, சாக்கெட் இணைப்பு. மாட்டியதும் ஒரு ரவுண்டு போய்வந்து, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள்.