நடுப் பாய்மரம் சாய்கிறது, எப்படி நிமிர்த்துவது?

1765-இல் நீரில் இறங்கிய விக்டரி போர்க்கப்பலின் முப்பரிமாணப் புதிர். ஃபோம் அட்டை வகை, 200 சொச்சம் துண்டுகள், மூன்று வார வேலை. பீரங்கி வாசல்கள் வரை எல்லாம் கச்சிதம். நடுப் பாய்மரத்தை நட்டதும் இடப்பக்கம் சாய்கிறது. பாய்களை மாட்டினால் இன்னும் மோசம்.

மரத்தின் அடி நாக்கு தளத்துத் துளையில் லொடலொடவென ஆடுகிறது. துளையின் ஓரத்தில் தாள் பிரிந்து வெள்ளை ஃபோம் தெரிகிறது. நாலைந்து முறை பிடுங்கி மாட்டிய என் அவசரம்தான்.

துண்டு எண்களைச் சரிபார்த்தேன், தவறில்லை. துளையில் காகிதச் சுருள் திணித்தேன். ஒரு ராத்திரி நின்றது, காலையில் பழையபடி. அப்புறம் சூப்பர் க்ளூவை உதிரித் துண்டில் வைத்துப் பார்த்தேன், ஃபோமையே கரைத்துவிட்டது.

மேல்தளத்தைக் கழற்றாமல் இந்த மரத்தை நேராக நிறுத்த வழி உண்டா?